வயிற்றைக் கிழிப்பது குறைந்தது, கேட்க வேண்டிய கேள்விகள் கூடின

மருத்துவமனையில் மாலை நேரப் பார்வையாளர் கூட்டம். பித்தப்பைக் கல்லுக்காக முதல் நாள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மாது ஒருவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த பெரியம்மாவால் நம்பவே முடியவில்லை. "ஏம்மா, நிஜமாகவே ஆப்பரேஷன் பண்ணிட்டாங்களா? எத்தனை தையல்?" என்கிறார். வயிற்றில் நான்கு சின்னப் பிளாஸ்டர்கள்தாம் இருக்கின்றன. பெரியம்மாவுக்கு இதே நோய்க்கு 1970களில் அறுவை நடந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு இன்றும் இருக்கிறது. இருமினால் தையல் விட்டுவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் வார்டில் கிடந்த நாட்கள் குடும்பத்தில் இன்னமும் பேசப்படும் கதை.

இப்படி ஒரு காட்சியை இன்று பெரிய மருத்துவமனைகள் எதிலும் காணலாம். 'மருத்துவம் முன்னேறிவிட்டது, பெரிய காயம் சின்னக் காயமாகிவிட்டது' என்று சொல்லி நாமும் நகர்ந்துவிடுகிறோம். காயம் சிறுத்தது கண்ணுக்குத் தெரியும் பாதி மட்டுமே. அறுக்கத்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது, எவ்வளவு அறுப்பது, அறுத்த பின் நோயாளியை எப்படி எழுப்பி நடக்க வைப்பது என்று அறுவை மருத்துவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளத் தொடங்கியது மறு பாதி. அந்த மறு பாதி தெரியாததால் நம் குடும்பங்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கின்றன. பழைய பயத்தில் மருத்துவமனைப் பக்கமே போகாமல் நோயை முற்றவிடுவது ஒன்று. சின்னத் துளைதானே என்று எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவது மற்றொன்று.

பொது அறுவைச் சிகிச்சை என்றதும் ஏதோ சாதாரண, சில்லறை வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். இரைப்பை, குடல், பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம், மார்பகம், தைராய்டு என்று உடம்பின் நடுப்பகுதி முழுவதும் இந்தத் துறையின் கையில்தான் இருக்கிறது. நள்ளிரவில் வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பார்க்க அழைக்கப்படுபவரும் பெரும்பாலும் பொது அறுவை மருத்துவரே.

கேலிக்கு ஆளான ஒரு முயற்சி

பித்தப்பை, கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு வரும்போது குடலுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த நீர் கெட்டிப்பட்டுக் கல்லாகிறது. கல்யாண விருந்தில் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சாப்பிட்ட இரவில், வலது மேல்வயிற்றில் வலி கிளம்பி முதுகுக்கும் தோளுக்கும் பரவும். பலர் அதை 'காற்று' என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

1882ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை முழுமையாக அகற்றினார். அதற்கு முன்பு கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடுவார்கள். கல்லை உண்டாக்குவதே அந்தப் பைதான், எனவே பையையே எடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த வாதம் வென்றது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் விலா எலும்புக்குக் கீழே தசையை அறுத்து, கையை உள்ளே விட்டுச் செய்யும் முறையே நடந்தது. பித்தப்பையோ கோழி முட்டையை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதை எடுப்பதற்காக அறுக்கப்பட்ட தசைகள்தாம் நோயாளியை வாரக்கணக்கில் வாட்டின. மூச்சை ஆழமாக இழுத்தால் வலி. மூச்சை இழுக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா.

1985ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் பொப்லிங்கன் என்ற ஊரில் எரிக் மூஹே என்ற மருத்துவர், வயிற்றில் துளையிட்டு, குழாய்க் கருவியின் வழியே பார்த்துப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த ஆண்டு மருத்துவர்கள் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினார். பாராட்டு கிடைக்கவில்லை, கேலிதான் கிடைத்தது. 'பெரிய மருத்துவர் பெரிய கீறல் போடுவார்' என்று நம்பிய காலம் அது. பிறகு அவருடைய நோயாளி ஒருவர் இறந்துபோக, வழக்கும் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. அவருடைய நாட்டு அறுவை மருத்துவர் சங்கம் பிற்பாடு அவரை அழைத்துக் கௌரவித்தது.

இதற்கிடையில் 1987இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே என்பவரும் இதே வேலையைச் செய்தார். அவர் கையாண்ட முறை பாரிஸ் வழியாக அமெரிக்கா போய், அங்கிருந்து காட்டுத்தீ போலப் பரவியது. அந்த நேரத்தில் சிறிய வீடியோ கேமராவும் வந்து சேர்ந்ததுதான் காரணம். அதுவரை மருத்துவர் ஒருவர் மட்டும் குழாயில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கேமரா வந்தபின் அறையில் உள்ள அனைவரும் திரையில் ஒரே படத்தைப் பார்த்தார்கள். உதவியாளரால் உண்மையாகவே உதவ முடிந்தது.

செய்முறை இதுதான். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, தொப்புளின் அருகே துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் போல உயர்த்துவார்கள். கேமரா உள்ளே போகும். இன்னும் இரண்டு மூன்று துளைகள் வழியாக நீண்ட இடுக்கிகளும் கத்தரிகளும் போகும். பித்தப்பையைப் பித்தநாளத்தோடு இணைக்கும் சிறு குழாயையும், அதற்கு இரத்தம் கொண்டு வரும் நாடியையும் கிளிப் போட்டு அடைத்து வெட்டுவார்கள். பிறகு கல்லீரலிலிருந்து பையைப் பிரித்து, சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொப்புள் வழியாக வெளியே இழுப்பார்கள். மறுநாள் தோள்பட்டையில் வலி வந்தால் நெஞ்சுவலியோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். வாயு நிரப்பியதால் உதரவிதானம் எரிச்சலடைந்து, அந்த வலி தோளில் தெரிவது வழக்கம். ஓரிரு நாளில் தணிந்துவிடும். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

சின்னத் துளைக்குக் கொடுத்த விலை

இந்தக் கதையில் விளம்பரங்கள் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் நோயாளிகளே கேட்டு வாங்கும் சிகிச்சையாக இது மாறியது. மருத்துவர்கள் அவசர அவசரமாகக் கற்றார்கள். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துக்கொண்டு தொடங்கியவர்களும் உண்டு. விளைவு, பித்தப்பையின் சிறு குழாய் என்று நினைத்து, கல்லீரலிலிருந்து குடலுக்குச் செல்லும் முதன்மைப் பித்தநாளத்தையே வெட்டிவிடும் விபத்துகள் பெருகின. திறந்த அறுவையில் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு நேர்ந்தது, ஆயிரத்தில் ஐந்து பேர் அளவுக்கு உயர்ந்தது. எண்ணிக்கை சிறிதுதானே என்று தோன்றலாம். அந்த ஐந்து பேரில் ஒருவராக இருப்பது மஞ்சள் காமாலை, மீண்டும் ஒரு பெரிய அறுவை, சிலருக்கு ஆயுள் முழுவதும் கல்லீரல் தொல்லை என்று போகும் வாழ்க்கை.

1995இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் ஒரு விதியை வலியுறுத்தினார்கள். பித்தப்பையின் கழுத்துப் பகுதியைச் சுற்றியுள்ள கொழுப்பையும் நாரையும் முழுவதும் நீக்க வேண்டும். பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து சற்றுப் பிரித்துக் காட்ட வேண்டும். பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தாம் போகின்றன என்று கண்ணால் உறுதியான பிறகுதான் எதையும் வெட்டலாம். இந்தக் காட்சி கிடைக்கவில்லையா? வெட்டாதே. பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள், அல்லது வயிற்றைத் திற, அல்லது மூத்தவர் ஒருவரைக் கூப்பிடு. இன்று பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் இதுவே.

இங்கேதான் நோயாளியின் வீட்டார் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 'கீ ஹோல் என்று சொல்லித்தானே கூட்டிக்கொண்டு போனார்கள், கடைசியில் கிழித்துவிட்டார்களே!' என்று வார்டு வாசலில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. உள்ளே அழற்சி முற்றி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்போது துளை வழியைக் கைவிட்டுத் திறந்து செய்ய முடிவெடுப்பது தோல்வி அல்ல. நோயாளியின் பித்தநாளத்தைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. துளை வழியிலேயே முடித்துக் காட்டுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம்தான் பயப்பட வேண்டும்.

எப்போது செய்வது என்பதும் மாறிவிட்டது. பித்தப்பை வீங்கி, காய்ச்சலோடு வருபவர்களை முன்பு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, 'சூடு தணியட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள்' என்பார்கள். அந்த ஆறு வாரத்துக்குள் வலி திரும்பி மறுபடியும் அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தவர்கள் ஏராளம். 2013இல் ஜெர்மனியில் 618 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. மருத்துவமனைக்கு வந்த 24 மணி நேரத்தில் அறுவை செய்துகொண்டவர்களில் 100க்குச் சுமார் 12 பேருக்குத்தான் சிக்கல்கள் வந்தன. தள்ளிப்போட்டவர்களில் அது 34. இந்த நோய்க்கு ஆசிய மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய தோக்கியோ வழிகாட்டி 2007இல் வந்து, 2013இலும் 2018இலும் திருத்தப்பட்டது. உடல்நிலை தாங்குமானால் சீக்கிரமே செய்துவிடலாம் என்பதே அதன் போக்கு.

நேர்மாறான இன்னொரு செய்தியும் உண்டு. முழு உடல் பரிசோதனைப் பொட்டலம் எடுத்து ஸ்கேன் செய்யும்போது, வலியே இல்லாத ஒருவருக்குப் பித்தப்பையில் கல் தெரிகிறது. உடனே குடும்பமே பதறுகிறது. வலி தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். அத்தகையவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசி வரை தொல்லை தருவதில்லை. கல் இருக்கிறது என்பது வேறு, கல்லால் நோய் இருக்கிறது என்பது வேறு.

கத்தியைக் கீழே வைத்த இடங்கள்

வயதானவர்களில் சிலருக்கு நடுவயிற்றில் நீண்ட தழும்பு இருக்கும். குடல் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்த காலத்தின் அடையாளம் அது. கோபம், காரம், நேரத்துக்குச் சாப்பிடாமை ஆகியவையே காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் 1980களில் ஹெலிகோபாக்டர் என்ற கிருமியைக் காட்டினார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று அந்தக் கிருமியைச் சில வார மாத்திரைகளால் அழித்துவிடுகிறார்கள். புண் வெடித்தாலோ, நிற்காமல் இரத்தம் கசிந்தாலோதான் கத்தி தேவைப்படுகிறது. அறுவை மருத்துவர்களின் அன்றாட வேலையாக இருந்த ஒன்று இப்படிக் கிட்டத்தட்ட மறைந்தே போனது.

குடல்வால் விஷயம் இன்னும் சுவையானது, இன்னும் முடிவாகாததும்கூட. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26ஆம் நாள் நடக்க இருந்தது. இரண்டு நாட்களுக்கு முன்பு குடல்வால் பகுதியில் சீழ் கட்டியதற்காக அவருக்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அரசருக்கே வந்து, அரசரே பிழைத்ததால் இந்த நோயும் இதன் அறுவையும் உலகப் பிரசித்தி பெற்றன. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் 'அப்பெண்டிக்ஸ்' என்றால் உடனே அறுக்க வேண்டும் என்பது மருத்துவச் சட்டம் போலவே இருந்தது.

பின்லாந்து மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிடி ஸ்கேனில் வெடிக்காத, சிக்கலில்லாத குடல்வால் அழற்சி என்று உறுதியான 530 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறுவை, மீதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் மருந்து மட்டும். 2015இல் வந்த முடிவின்படி, மருந்து பெற்றவர்களில் 100க்கு 27 பேருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கடந்தபோது அது 39 ஆனது. அதாவது பத்தில் ஆறு பேர் கத்தியே படாமல் தப்பினார்கள். அமெரிக்காவில் 1,552 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அதில் மருந்துப் பிரிவினரில் பத்தில் மூவருக்குத் தொண்ணூறு நாளுக்குள் அறுவை வேண்டியிருந்தது. குடல்வாலுக்குள் மலக்கல் அடைத்திருந்தவர்களில் அது பத்தில் நான்கு. கல் தெரிந்தால் மருந்தை நம்பியிருப்பது அவ்வளவு பாதுகாப்பல்ல என்பதை அது உணர்த்தியது.

அப்படியானால் எது சரி? ஒருவருக்குச் சரியானது மற்றவருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், வலி திரும்பினால் பத்து நிமிடத்தில் வந்துவிட முடிந்தவர், மருந்தை முயன்று பார்க்கலாம். தோட்டத்தில் உள்ளடங்கி வசிப்பவர், அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புபவர், 'மறுபடி வருமோ' என்ற கவலையிலேயே தூங்காதவர் ஆகியோருக்கு ஒரேயடியாக எடுத்துவிடுவதே நிம்மதி. முன்பு மருத்துவர் தீர்ப்புச் சொன்னார், நோயாளி கேட்டுக்கொண்டார். இன்று மருத்துவர் நோயாளியிடம் 'உங்கள் வாழ்க்கை எப்படி?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்ளலாம் என்பது இதற்குப் பொருள் அல்ல. ஸ்கேன் எடுத்து, சிக்கல் இல்லை என்று உறுதி செய்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது மட்டுமே அந்த ஆய்வுகளில் நடந்தது. குடல்வால் வெடித்துவிட்டால் கதையே வேறு.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நடந்த மாற்றம் நம் பெண்கள் கட்டாயம் அறிய வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதிகம் எடுத்தால் அதிகம் பிழைக்கலாம் என்ற கணக்கு. இத்தாலியின் உம்பர்ட்டோ வெரோனேசி, அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர் ஆகிய இருவரும் தனித்தனியே அந்தக் கணக்கைச் சோதித்தார்கள். தொடக்க நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பகத்தை முழுவதும் இழந்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். இருபது ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு 2002இல் இரண்டு ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. அக்குளிலும் இப்போது முதலில் ஓரிரு காவல் நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவற்றில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. கை வீங்கிப் போகும் தொல்லை அதனால் வெகுவாகக் குறைந்தது.

'மார்பையே எடுத்துவிடுவார்கள்' என்ற பயத்தில் கட்டியைக் கணவரிடம்கூடச் சொல்லாமல், நாட்டு மருந்து பூசி மாதக்கணக்கில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த மாதங்களில் மார்பகத்தைக் காப்பாற்றியிருக்க முடியுமோ, அதே மாதங்கள்தாம் இப்படிக் கழிகின்றன. கட்டி பெருத்த பிறகு வந்தால் மருத்துவருக்கும் வேறு வழி இருப்பதில்லை.

துளையும் ரோபோவும்

இதுவரை சொன்னதை வைத்து, சின்னதே சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2018இல் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய பன்னாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. அது மகளிர் மருத்துவத் துறையைச் சேர்ந்தது என்றாலும் எல்லா அறுவை மருத்துவர்களையும் உலுக்கியது. துளை வழியாக அறுவை செய்துகொண்டவர்களை விட, வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களே அதிகமாகப் பிழைத்தார்கள். அதற்குப் பின் அந்த நோய்க்குத் திறந்த அறுவையே மீண்டும் முதன்மை பெற்றது. பெருங்குடல் புற்றுநோயில் அப்படி இல்லை. அங்கே துளை வழி முறையும் சமமான பலன் தருவதாக நிறைய ஆய்வுகள் வந்துள்ளன. கோயம்புத்தூர் மருத்துவர் சி. பழனிவேலுவின் குழு, உணவுக்குழாய்ப் புற்றுக்கு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்புத் துளைகள் வழியே செய்யும் முறையை 130 நோயாளிகளின் அனுபவத்தோடு 2006இல் வெளியிட்டது. வெளிநாட்டு மருத்துவர்களும் அதைக் கவனித்துக் கையாண்டார்கள். எந்த உறுப்பு, எந்த நோய், எந்த நிலை என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

ரோபோ பற்றிய மயக்கமும் பெரிது. 'ரோபோ ஆப்பரேஷன்' என்றதும் இயந்திரம் தானாக அறுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி கருவியில், மருத்துவர் சற்றுத் தள்ளி ஒரு மேசை முன் அமர்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்கிறார். இயந்திரக் கைகள் அவர் அசைவைப் பின்பற்றுகின்றன, நடுக்கத்தை வடிகட்டுகின்றன. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் அமர்ந்திருந்த ழாக் மாரெஸ்கோ என்ற மருத்துவர், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படுத்திருந்த ஒரு மாதின் பித்தப்பையை ரோபோ வழியே அகற்றினார். மீண்டும் பித்தப்பைதான், பாருங்கள்! அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து செய்ய முடியும் என்று அது காட்டியது. இடுப்புக் குழி போன்ற குறுகலான இடங்களில் ரோபோவின் வளையும் மணிக்கட்டு மருத்துவருக்கு உதவுகிறது. ஆனால் சாதாரணப் பித்தப்பை அறுவைக்கு, வழக்கமான துளை முறையை விட நோயாளிக்குப் பெரிய இலாபம் இருப்பதாகத் தெளிவாகவில்லை. கட்டணமோ கூடுதல். தனியார் மருத்துவமனையில் ரோபோவைப் பரிந்துரைத்தால், 'என் நோய்க்கு இதனால் என்ன கூடுதல் பயன்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

விலை மலிவான ஒரு கண்டுபிடிப்பு இவை எல்லாவற்றையும் விட அதிக உயிர்களைக் காத்திருக்கலாம். அது ஒரு தாள். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், விமானிகள் புறப்படும் முன் பார்க்கும் பட்டியலைப் போன்றது. மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், அறையை விட்டு வெளியே கொண்டு போவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும். ஆள் சரிதானா, பக்கம் சரிதானா, ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரிதானா? புது டெல்லி, மணிலா உள்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தபோது, மரணம் 100க்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் 11இலிருந்து 7க்கு இறங்கின. எனவே அறுவை அறை வாசலில் நான்காவது முறையாகப் பெயர் கேட்டால் எரிச்சல்படாமல் சொல்ல வேண்டும். அவர்கள் மறந்துபோய்க் கேட்கவில்லை.

பட்டினியும் பத்தியமும்

டென்மார்க் மருத்துவர் ஹென்ரிக் கேலட் 1990களில் எழுப்பிய கேள்வி எளிமையானது. அறுவை நன்றாகவே முடிந்துவிட்டது, பிறகு ஏன் நோயாளி பத்து நாள் மருத்துவமனையில் கிடக்கிறார்? காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பல வழக்கங்களுக்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்தது. நீண்ட பட்டினி, மூக்கில் குழாய், படுக்கையை விட்டு எழாமை, குடலை மந்தப்படுத்தும் வலி மருந்துகளை அதிகம் கொடுப்பது ஆகியவையே நோயாளியைப் படுக்க வைத்தன. அவற்றை மாற்றியபோது, பெருங்குடலின் ஒரு பகுதியை எடுத்தவர்கள்கூட இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பினார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் சேர்ந்து 2001இலிருந்து இதை ஒரு முழுத் திட்டமாக வளர்த்தார்கள். விரைவு மீட்சித் திட்டம் என்று அதைச் சொல்லலாம்.

'இரவு பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது' என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விதி. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக வந்தது அது. நோக்கம் சரி, அளவுதான் மிகை. தெளிந்த நீராகாரம் இரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடும். ஆகவே திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தினாலும், தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை பலருக்கு அனுமதிக்கலாம் என்பதே இன்றைய மயக்கவியல் வழிகாட்டிகளின் நிலை. கோப்பி ஓ தெளிந்த பானத்தில் சேரும். தே தாரேக் சேராது, அதில் பால் இருக்கிறது. மைலோவும் அப்படியே. இனிப்பு நீர் நோயாளிகள், கர்ப்பிணிகள், குடல் அடைப்பு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. மயக்க மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு. அன்றைய காலை மாத்திரையைப் போடுவதா நிறுத்துவதா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின் நடக்க வைப்பது இன்னொரு போராட்டம். தாதி வந்து 'எழுந்திருங்கள், நடக்கலாம்' என்றால், பக்கத்தில் இருக்கும் உறவினர்தான் முதலில் தடுக்கிறார். 'பாவம், நேற்றுத்தானே அறுத்தார்கள், படுத்திருக்கட்டும்.' அந்தப் பாசம் ஆபத்தானது. படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். நெஞ்சில் சளி கட்டும், தசை கரையும். மெதுவாக, பிடித்துக்கொண்டு, கழிவறை வரை போய் வருவதே அன்றைய மருந்து.

சாப்பாட்டிலும் இதே கதைதான். காயம் ஆற விரால் மீன் சூப்பு கொடுப்பது மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமில்லாமல் இங்கே எல்லாரிடமும் உள்ள பழக்கம். நல்லதுதான், மீனில் புரதம் இருக்கிறது. ஆனால் முட்டை சாப்பிட்டால் புண் அரிக்கும், கோழி சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று எல்லாவற்றையும் தள்ளிவைத்து, வெறும் கஞ்சியும் உப்பும் கொடுப்பது தவறு. காயம் புரதத்தைக் கொண்டுதான் மூடுகிறது. ஒவ்வாமை இல்லாதவர் முட்டையும் கோழியும் தாராளமாகச் சாப்பிடலாம். சிகரெட் பிடிப்பவர் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தினால், அது எந்தப் பத்தியத்தையும் விட அதிகப் பலன் தரும்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதில் மருத்துவமனைக்கும் இலாபம் உண்டு, கட்டில் காலியாகிறது. அதனால்தான் வீட்டார் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஐந்தாம் நாள் வரும் சிக்கலை வார்டில் தாதியே கண்டுபிடித்துவிடுவார். இன்று ஐந்தாம் நாள் நோயாளி வீட்டுக் கூடத்தில் நாடகத் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், கூடக் கூடாது. பித்தப்பை எடுத்தவருக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், வயிறு உப்புதல், நிற்காத வாந்தி, கண்ணில் மஞ்சள், கருத்த சிறுநீர், வெளுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல், அக்கம்பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்க்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கே அன்றே திரும்ப வேண்டும். கிளம்பும்போது கொடுக்கும் தாளில் அவசர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, எம்.சி. தாளோடு சேர்த்து மடித்து வைத்துவிடாமல், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பது நல்லது.